காதுல குய்யுனு சத்தம் ஆரம்பிச்சிருக்கா? முதல் சில மாசத்துக்கான கேள்வி பதில்

காது இரைச்சல், டாக்டருங்க சொல்ற பேர்ல டின்னிடஸ், புதுசா ஆரம்பிச்சவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்களை ஒரே இடத்துல போட்டிருக்கேன். நான் டாக்டர் இல்ல. ரெண்டு காதுலயும் இந்த சத்தத்தோட சில வருஷமா இருக்குற ஆளு, இதைப் பத்தி நெறைய படிச்சிருக்கேன், நெறைய பேர்கிட்ட பேசியிருக்கேன். முதல் ரெண்டு மூணு மாசம்தான் இதுல ரொம்பக் கொடுமை, அந்த நேரத்துல தெரிஞ்சவங்க யாராவது தெளிவா நாலு விஷயம் சொன்னா பாதி பாரம் எறங்கிடும்.

வெளிய எந்த சத்தமும் இல்ல, ஆனா எனக்கு மட்டும் கேக்குது. எனக்கு மூளைல ஏதாவது ஆயிடுச்சா?

இல்லைங்க. இது ரொம்பப் பேருக்கு இருக்குற விஷயம், பெரியவங்கள்ல நூறு பேர எடுத்தா 10லேர்ந்து 15 பேருக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கு. ஒருத்தருக்கு குக்கர் விசில் மாதிரி, ஒருத்தருக்கு சில்வண்டு மாதிரி, பழைய டியூப் லைட் சோக் மாதிரி, சங்கை காதுல வச்ச மாதிரின்னு ஆளாளுக்கு சொல்வாங்க. ஒரே காதுல கேக்கலாம், ரெண்டுலயும் கேக்கலாம், தலைக்குள்ள நடுவுல கேக்குற மாதிரியும் இருக்கலாம்.

உள்காதுல காக்ளியான்னு நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல குட்டி முடி செல்லுங்க இருக்கு, வெளிய இருந்து வர்ற சத்தத்தை மின் சிக்னலா மாத்தி மூளைக்கு அனுப்புறது அதுங்கதான். வயசாலயோ, பெரிய சத்தத்தாலயோ, சில மருந்தாலயோ அதுல கொஞ்சம் அடிபட்டா அந்த இடத்துலேர்ந்து சிக்னல் கொறையுது, மூளை அதை ஈடுகட்ட தன் பக்கம் வால்யூமை ஏத்துது, அப்படி ஏத்துறப்ப நரம்புகள்ல எப்பவும் ஓடிட்டே இருக்குற சாதாரண சிக்னலே சத்தமா கேக்க ஆரம்பிக்குதுன்னுதான் இப்போதைக்கு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இதோட சம்பந்தப்பட்ட ஒரு பழைய சோதனை இருக்கு. 1953ல அமெரிக்காவுல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேர், காது நல்லா கேக்குற 80 பேரை சத்தமே நுழையாத அறைல கொஞ்ச நேரம் உக்கார வச்சு என்ன கேக்குதுன்னு கேட்டாங்க, 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு ரீங்காரம், இரைச்சல் கேக்குதுன்னு சொன்னாங்க. அதாவது இந்தச் சத்தத்துக்கான மூலப்பொருள் எல்லார் தலைக்குள்ளயும் இருக்கு.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா, நாலு நாள் பொறுத்துப் பாக்கலாமா?

இதுக்கு மட்டும் கவனமா பதில் படிங்க. சத்தத்தோட சேர்ந்து ஒரு காதுல கேக்குறது திடீர்னு கொறைஞ்சிருந்தா, அன்னிக்கே, இல்ல மறுநாளே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாத்துடணும். நம்ம ஊர்ல இங்கதான் நெறைய பேர் காதை இழக்குறாங்க. காலைல எழுந்திருக்கும்போது ஒரு காது அடைச்ச மாதிரி இருக்கும், சளி பிடிச்சிருக்கு, குளிக்கும்போது தண்ணி போயிருக்கும், அழுக்கு சேந்திருக்கும்னு நெனச்சு சொட்டு மருந்து விட்டுட்டு உக்காந்திருப்பாங்க. அது உள்காது நரம்பு சம்பந்தப்பட்ட திடீர் கேள்விக்குறைவா, அதாவது காது கேக்குற திறன் கொறையுறதா இருக்கலாம், அதுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்குறோமோ அவ்வளவு நல்லது. வீட்லயே ஒரு சந்தேகம் தீத்துக்க, போன்ல ரிங் டோனை மெதுவா வச்சு ரெண்டு காதுகிட்டயும் மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க, ஒரு பக்கம் தெளிவா ஒரு பக்கம் மங்கலா கேட்டா கிளம்பிடுங்க. அழுக்குதான்னு டாக்டர் சொன்னா சந்தோஷமா திரும்பி வாங்க, நஷ்டம் ஒண்ணும் இல்ல.

அதே மாதிரி, நாடித் துடிப்போட ஒத்து லப் டப்னு கேக்குற சத்தம் வேற வகை. கையில நாடி புடிச்சுப் பாத்தாலே அது கூட சேந்து வருதான்னு தெரியும். ரத்தக் குழாய், ரத்த சோகை, தைராய்டு, தலைக்குள்ள அழுத்தம்னு தேடிப் பாக்க வேண்டிய காரணங்கள் அதுல இருக்கு, அதனால காட்டாம விடாதீங்க. தலைசுத்தல், முகம் ஒரு பக்கம் இழுக்குறது, தலைல அடிபட்ட பிறகு ஆரம்பிச்சது, காதுலேர்ந்து சீழ் ரத்தம் வர்றது, இதெல்லாமும் உடனே பாக்க வேண்டியதுதான். ஒரே காதுல மட்டும் தொடர்ந்து கேட்டா அவசரம் இல்ல, ஆனா கண்டிப்பா காட்டணும், காது கேக்குற நரம்புல கட்டி எதுவும் இல்லைன்னு உறுதிப்படுத்த எம்ஆர்ஐ எழுதலாம். அந்தக் கட்டி அபூர்வம், இருந்தாலும் பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத வகை, அதனால ஸ்கேன் எழுதினதுமே இடிஞ்சு போயிடாதீங்க. எம்ஆர்ஐ மெஷின் பயங்கர சத்தம் போடும், காதுல அடைப்பான் குடுங்கன்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு படுங்க.

டாக்டர்கிட்ட போனா என்ன பண்ணுவாங்க?

முதல்ல காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாப்பாங்க. அழுக்கு, செவிப்பறைல ஓட்டை, உள்ள நீர் சேர்றது, காளான் தொற்று இதுல ஏதாவது இருந்தா அதை சரி பண்ணினாலே சத்தம் போயிடுறவங்க இருக்காங்க. அப்புறம் காது கேக்குற டெஸ்ட், ஆடியோகிராம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை பிரிவுல இதுக்கு ஆளும் மெஷினும் இருக்கும்.

ஒரு சின்ன அறைக்குள்ள உக்கார வச்சு ஹெட்போன் மாட்டி, கையில ஒரு பட்டன் குடுப்பாங்க, பீப் சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்தணும். கதவை மூடின உடனே நம்ம சத்தம் பெருசா எழும்பும், பயந்துடாதீங்க, அறை அமைதியா இருக்குறதால அப்படி. எது மெஷின் பீப், எது நம்ம காது பீப்னு கொழம்பும். அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே எனக்கு இரைச்சல் இருக்கு, விட்டு விட்டு வர்ற பீப் வச்சு டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லிடுங்க, அவங்களுக்குத் தெரியும். 250 ஹெர்ட்ஸ்லேர்ந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாத்துட்டு ஒரு கிராஃப் குடுப்பாங்க, வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீல பெருக்கல் குறி. 4000 கிட்ட மட்டும் பள்ளமா விழுந்திருந்தா பெரும்பாலும் சத்தத்தால வந்த அடி. அந்தப் பேப்பரை பத்திரமா வச்சுக்கங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்கத் தேவைப்படும்.

போகும்போது நீங்க சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. அதிக டோஸ் ஆஸ்பிரின், ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஊசி, காசநோய்க்குப் போடுற ஸ்ட்ரெப்டோமைசின், கேன்சருக்குக் குடுக்குற சிஸ்பிளாட்டின், இதெல்லாம் காதை பாதிக்கக்கூடியது. ஆனா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, எழுதின டாக்டர்கிட்டயே கேளுங்க.

டெஸ்ட் எல்லாம் நார்மல், ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. அப்போ எனக்கு மட்டும் ஏன் கேக்குது?

நார்மல்னா அந்தக் கிராஃப்ல 25 டெசிபலுக்குள்ள வந்திருக்குன்னு அர்த்தம். அந்த டெஸ்ட்டுல புடிபடாத சின்னச் சின்ன சேதாரம் இருக்கலாம், 8000க்கு மேல கொறைஞ்சிருக்கலாம், தாடை கழுத்து தசைலேர்ந்தும் இது வரலாம். பல்லைக் கடிக்கும்போதோ கழுத்தைத் திருப்பும்போதோ சத்தம் மாறுச்சுன்னா தாடையையும் கழுத்தையும் காட்டுறது நல்லது, தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவங்க இதுல நெறைய பேர்.

ஒண்ணும் இல்ல, பழகிக்கங்கன்னு ஒரே வரில டாக்டர் முடிக்கும்போது மனசு ஒடஞ்சு போகும். அந்த வார்த்தையில ஆபத்து எதுவும் இல்லைங்கிற நல்ல செய்தியும் இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க. எப்படிப் பழகுறதுன்னு சொல்லித் தர அவங்களுக்கு நேரம் இல்ல, வெளிய பெரிய வரிசை நிக்குது. அந்த மிச்சத்தைத்தான் இங்க எழுதுறேன்.

இது போயிடுமா? வாழ்நாள் பூரா இருக்குமா?

நேர்மையா சொல்றேன். வெடிச் சத்தம், கச்சேரி ஸ்பீக்கர், காது தொற்று இப்படி வந்ததுல நெறைய பேருக்கு சில நாள்லயோ வாரத்துலயோ கொறையுது, சில பேருக்கு முழுசாவே போயிடுது. ஆறு மாசம் தாண்டி இருந்தா அது நீடிக்கிற வகைன்னு டாக்டருங்க கணக்கு வைப்பாங்க. நீடிச்சவங்களுக்கும் ஒரு விஷயம் நடக்குது, மூளை அதைக் கண்டுக்காம விட ஆரம்பிக்குது. சத்தம் இருக்கும், ஆனா நாளோட பெரும்பகுதி உங்களுக்கு ஞாபகமே வராது. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுற வீட்ல பொறந்து வளந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, தறி ஓடுறப்ப குழந்தைங்க அசந்து தூங்கும், கரண்ட் போய் தறி நின்னாதான் எல்லாருக்கும் முழிப்பு தட்டும். தேவையில்லாதது, ஆபத்தில்லாததுன்னு முடிவு பண்ணின சத்தத்தை மூளை தானா ஓரங்கட்டும்.

இப்ப உங்க மூளை அதை ஆபத்துன்னு குறிச்சு வச்சிருக்கு, அதனாலதான் விடாம காட்டிட்டே இருக்கு. 1990ல பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப்ங்கிற நரம்பியல் ஆராய்ச்சியாளர் எழுதினதும் இதுதான், சத்தம் எவ்வளவுங்கிறதை விட பயம், பதட்டம் சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி அதோட சேந்துக்கிறதுதான் கஷ்டத்தை உண்டாக்குது. ஆடியோ டெஸ்ட்ல அளந்து பாத்தா பெரும்பாலானவங்களோட சத்தம் அவங்களால கேக்க முடிஞ்ச அளவை விட சில டெசிபல்தான் கூட இருக்கும், ஆனா அனுபவிக்கிறவங்களுக்கு அது தலையைப் பிளக்குற மாதிரி இருக்கும். ரெண்டுமே உண்மை.

காது கேக்காமலே போயிடுமா?

காதுக்குள்ள கேக்குற இந்த இரைச்சல் காதை செவிடாக்காது. கேள்விக்குறைவு இருக்குறதால இரைச்சல் வரலாம், அது வேற.

ராத்திரி தூங்கவே முடியல. என்ன பண்றது?

முதல்ல தூக்கத்தைத்தான் சரி பண்ணணும், அது சரியானா பகல் தானா எளிதாகும்.

நம்ம வீட்டு ஃபேன்தான் முதல் மருந்து. அமைதியான ரூம்ல இரைச்சல் ஒண்ணுதான் கேக்கும், வேற சின்ன சத்தம் ஒண்ணு பக்கத்துல ஓடினா மூளைக்கு கவனம் வைக்க ரெண்டு இடம் கிடைக்கும். ஃபேன் பத்தலைன்னா போன்ல மழைச் சத்தம், கடல் அலை, ஓடை, ராத்திரிப் பூச்சிச் சத்தம் எது புடிக்குதோ அதை வைங்க, உயர்ந்த சுருதில விசில் மாதிரி இரைச்சல் கேக்குறவங்களுக்கு பூச்சிச் சத்தமும் மழையும் நல்லா கலக்கும். இதுல முக்கியமானது வால்யூம். உங்க இரைச்சலை முழுசா மூடுற அளவுக்கு வைக்காதீங்க. இரைச்சலும் லேசா கேக்கணும், மழையும் கேக்கணும், அந்த அளவுல வச்சாதான் மூளை பக்கத்துலயே அதை வச்சுக்கிட்டு பழகும், முழுசா மூடிட்டா பழகுறதுக்கு ஒண்ணும் இருக்காது, காலைல நிறுத்தினதும் புதுசா கேக்குற மாதிரி அடிக்கும். காதுக்குள்ள இயர்போன் செருகிட்டுத் தூங்க வேண்டாம், போனை அலமாரி மேல வச்சு ஓட விட்டாப் போதும். பக்கத்துல படுக்கிறவங்களுக்குத் தொந்தரவுன்னா தலையணைக்கு அடியில வைக்கிற தட்டை ஸ்பீக்கர் கிடைக்குது.

நடு ராத்திரி முழிப்பு வந்து சமையல்கட்டுல தண்ணி குடிக்கப் போய் நிக்கும்போது, ஃப்ரிட்ஜ் மோட்டார் டக்குனு நின்னதும் தலைக்குள்ள சத்தம் மேல எழும்பி நிக்குமே, அந்த நிமிஷம் எல்லாருக்கும் வரும். அப்ப படுக்கைக்குப் போய் அதோட மல்லுக்கட்டாதீங்க. சின்ன லைட்டைப் போட்டு ஏதாவது படிங்க, துணி மடிங்க, பழைய பாட்டு மெதுவா வைங்க, கண்ணு சொக்கினதும் போய்ப் படுங்க. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திரிங்க, பகல்ல தூங்கி ஈடுகட்டாதீங்க. ஒரு வாரம் பத்து நாள் சுத்தமா தூக்கமே இல்லைன்னா டாக்டர்கிட்ட அதை மட்டும் தனியா சொல்லுங்க, கொஞ்ச காலத்துக்கு உதவி தேவைப்படலாம். தெரிஞ்சவங்க வீட்டு தூக்க மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பிக்காதீங்க, அதை விடுறது தனிப் போராட்டமாயிடும்.

இதுக்கு மாத்திரை இருக்கா? எனக்கு ஏதோ எழுதிக் குடுத்திருக்காங்க.

இரைச்சலை நிறுத்துறதுக்குன்னு நிரூபிச்ச மாத்திரை இன்னிக்கு வரைக்கும் இல்ல. நம்ம ஊர்ல சாதாரணமா எழுதுறது பீட்டாஹிஸ்டின், ஜிங்கோங்கிற மூலிகை மாத்திரை, பி12 வைட்டமின். பீட்டாஹிஸ்டின் தலைசுத்தலுக்குக் குடுக்குற மருந்து, வெறும் இரைச்சலுக்கு வெத்து மாத்திரையை விட நல்லா வேலை செஞ்சதா ஆய்வுகள்ல தெரியல. ஜிங்கோ, ஜிங்க், மெலடோனின் எல்லாம் இரைச்சலுக்குன்னு பரிந்துரைக்க வேண்டாம்னு அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டருங்க சங்கம் 2014ல போட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு. ரத்தத்துல பி12 கொறைவா இருந்தா அதை ஏத்த வேண்டியதுதான், அது உடம்புக்கே தேவை. எழுதிக் குடுத்ததை முடிச்சுட்டு மாற்றம் இல்லைன்னா மாசக்கணக்கா தொடரணுமான்னு டாக்டர்கிட்டயே நேராக் கேளுங்க.

பூண்டு எண்ணெய், நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தலாமா? பட்ஸ் போட்டு சுத்தம் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். செவிப்பறைல ஓட்டை இருந்தா எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போகும், தொற்று வரும், சூடு கொஞ்சம் கூடினா வெந்து போகும். பாட்டி பாசத்துலதான் சொல்றாங்க, அவங்ககிட்ட சண்டை போடாம டாக்டர் எதுவும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு சொல்லிடுங்க. பட்ஸ் அழுக்கை உள்ள தள்ளி அடைக்கும். ஹேர்பின், ஊக்கு, வண்டிச் சாவி எல்லாமே அதே கதைதான்.

காபி, டீ, உப்பு விடணுமா?

ஒரே நாள்ல காபியை வெட்டினா தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். காபியை நிறுத்திப் பாத்து செஞ்ச ஆய்வுல இரைச்சல் கொறையல. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்காத மாதிரி சாயந்திரத்துக்கு மேல தவிருங்க, அவ்வளவுதான். உப்பைக் கொறைக்கச் சொல்றது முக்கியமா மெனியர் நோய்க்காரங்களுக்கு, தலைசுத்தல், காது அடைப்பு, இரைச்சல் மூணும் சேந்து சேந்து வருமே அது. பீடி சிகரெட்டை விட்டா காதுக்கும் நல்லதுதான்.

இவ்வளவு பயமும் அழுகையும் ஏன் வருது? நான் பலவீனமானவனா?

இல்லவே இல்ல. நிறுத்த முடியாத ஒரு சத்தம் தலைக்குள்ள ஓடுது, மூடி வைக்க கதவு இல்ல, ஓடிப் போக இடம் இல்ல, எந்த உடம்பும் அதுக்கு பதறத்தான் செய்யும். நெஞ்சு படபடப்பு, சாப்பாடு எறங்காம போறது, காலைல கண்ணு முழிச்சதும் இருக்கா இருக்கான்னு காதைத் தேடுறது, எல்லாமே வரும். அந்தப் பதட்டம் உடம்பை விழிப்பா வைக்குது, விழிப்பா இருக்குற மூளை சத்தத்தை இன்னும் உத்துக் கேக்குது, உத்துக் கேக்குறதால சத்தம் பெருசாத் தெரியுது, அதனால பதட்டம் கூடுது. இந்த வட்டத்தை அறுக்கணும்னா சத்தத்து மேல கை வைக்க முடியாது, பதட்டத்து மேல கை வைக்கலாம்.

அதுக்கு என்ன பண்ணலாம்னா, சாயந்திரம் வியர்க்க ஒரு நடை, மூச்சை மெதுவா இழுத்து அதைவிட மெதுவா விடுறது, ஒத்தி வச்ச வேலைகளைத் திரும்ப எடுக்குறது. சத்தம் போனப்புறம் பாத்துக்கலாம்னு பொண்ணு ஸ்கூல் விழா, நண்பன் வீட்டு விசேஷம், வேலை, எல்லாத்தையும் தள்ளி வைக்காதீங்க, சத்தத்தோடவே போங்க. போற இடத்துல பத்து நிமிஷம் அதை மறந்திருந்தீங்கன்னு பின்னாடி உறைக்கும், அந்தப் பத்து நிமிஷத்துலேர்ந்துதான் பழக்கம் வளருது.

இன்னொண்ணு, காதை அடிக்கடி சோதிக்காதீங்க. ரூமை அமைதியாக்கி இன்னிக்கு எவ்வளவுன்னு கேக்குறது, டைரில பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுறது, ஆப்ல எத்தனை ஹெர்ட்ஸ்னு கண்டுபிடிக்கிறது, நடு ராத்திரி யூட்யூப்ல மத்தவங்க அழுது போட்ட வீடியோ பாக்குறது, இதெல்லாம் மூளைக்கு இது முக்கியமான சத்தம்னு திரும்பத் திரும்ப சொல்லிக் குடுக்குற வேலை. கொறைஞ்சவங்க யாரும் இண்டர்நெட்ல வந்து எழுதிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க, அவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க, அதனால அங்க கெடைக்கிறதெல்லாம் மோசமான கதைகளாத்தான் இருக்கும்.

நேத்து கொறைஞ்சிருந்துச்சு, இன்னிக்கு பயங்கரமா கூடியிருக்கு. திரும்பவும் மொதல்லேர்ந்தா?

இல்ல, இது ஏறி எறங்குறது சகஜம். தூக்கம் கெட்டது, சளி, வேலை டென்ஷன், நாள் பூரா சத்தமான இடத்துல இருந்தது, சில சமயம் காரணமே இல்லாமலும் ஏறும். ரெண்டு மூணு நாள்ல தன் இடத்துக்கு எறங்கும். அந்த நாள்ல என்ன சாப்பிட்டேன்னு துருவித் துருவித் தேடாம, சத்தத்தைப் பின்னாடி ஓட விட்டு வழக்கமான வேலையைப் பண்ணுங்க. கேக்குறதே கொறைஞ்ச மாதிரி இருந்தா மட்டும் மேல சொன்ன மாதிரி உடனே டாக்டர்.

கல்யாண மண்டபம், திருவிழா, தீபாவளி வெடி, ஹெட்போன் இதெல்லாம் இனிமே தொடவே கூடாதா?

தொடலாம், பாதுகாப்போட. 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கலாம்னு ஒரு கணக்கு, 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும், 88னா 4 மணி, 91னா 2 மணி, 100 தொட்டா கால் மணி நேரம்தான். மண்டபத்துல மேடைக்குப் பக்கத்துல செண்டை மேளம், டிஜே ஸ்பீக்கர் முன்னாடி நின்னா 100 சுலபமா வந்துடும். ஸ்பீக்கர்லேர்ந்து தள்ளி உக்காருங்க, பையில ஒரு ஜோடி ஃபோம் அடைப்பான் வச்சுக்கங்க. அதைப் போடுறதுல ஒரு முறை இருக்கு: விரல்ல உருட்டி ஊசி மாதிரி மெல்லிசாக்கி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னாடி கொண்டு போய் காது மடலை மேல பின்னால இழுத்துப் புடிச்சு, உள்ள விட்டு, விரிஞ்சு முடியிற வரை அரை நிமிஷம் விரலால அழுத்திப் புடிக்கணும். சும்மா காது ஓட்டை ஓரத்துல செருகிட்டா பாதி சத்தம் உள்ள போகும்.

வெடியைப் பொறுத்தவரை, வெடிக்கிற இடத்துலேர்ந்து 4 மீட்டர்ல 125 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு நம்ம நாட்டு விதியே சொல்லுது, அந்த 125ங்கிறதே காதுக்கு ரொம்ப அதிகம். தூரமா நின்னு வாண வேடிக்கை பாருங்க, கைக்கெட்டுற தூரத்துல சரவெடி வேண்டாம், பிள்ளைங்களையும் விடாதீங்க.

ஆனா நேர் எதிர்ப்பக்கமும் போயிடாதீங்க. பயந்து போய் வீட்ல, பஸ்ல, கடைல, எப்பவும் காதை அடைச்சுட்டே இருந்தா மூளை வால்யூமை இன்னும் ஏத்தும், இரைச்சலும் கூடும், தட்டு வைக்கிற சத்தம் கூட வலிக்க ஆரம்பிக்கும். சாதாரண பேச்சு, மிக்சி ரெண்டு நிமிஷம், தெரு ஹாரன், இதுக்கெல்லாம் அடைப்பான் வேண்டாம்.

தறி, மில்லு, லேத் பட்டறைலதான் வேலை. விட்டுட முடியாது. என்ன பண்ண?

விட முடியாதுன்னு தெரியும்ங்க. அப்படின்னா காது மூடி வேலை நேரம் முழுக்க போடணும், தறி ஷெட்டுல 90 டெசிபலுக்கு மேல சாதாரணமாப் போகும். அரை மணி நேரம் கழட்டி வச்சாலே பாதுகாப்புல பெரும்பகுதி போயிடும். மொதலாளிகிட்ட ஆடியோகிராம் பேப்பரைக் காட்டிக் கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல, தொழிலாளியோட காதைப் பாதுகாக்குறது அவர் பொறுப்பும்தான். முடிஞ்சா மெஷின்கிட்ட நிக்கிற நேரத்தை மத்தவங்களோட மாத்திக்கங்க, சாப்பாட்டு இடைவேளைல ஷெட்டுக்கு வெளிய வந்து உக்காருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுங்க.

காது மெஷின் வச்சா இரைச்சல் கொறையுமா?

கேள்விக்குறைவு இருக்குறவங்களுக்கு நெறைய தடவை கொறையுது. வெளிச் சத்தம் நல்லா உள்ள வர்றதால மூளைக்கு ஏத்தின வால்யூம் தேவைப்படாது, பேச்சைப் புரிஞ்சுக்க முக்கித் தவிக்கிற களைப்பும் போயிடும். வயசானவங்க மெஷின் வைக்க வெக்கப்படுறாங்க, கண்ணாடி போடுறதுக்கு வெக்கப்படாத நாம இதுக்கும் படத் தேவையில்ல. காது கேக்குறது நார்மலா இருந்தா மெஷின் விக்கிற கடைக்காரர் சொன்னார்னு பணத்தைக் கொட்டாதீங்க.

கவுன்சலிங், சிபிடின்னு சொல்றாங்களே, அதால சத்தம் போகுமா?

சிபிடிங்கிறது எண்ணத்தையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்திப் பழக்குற பேச்சு சிகிச்சை. அதால சத்தம் போகாது, சத்தம் உங்களைப் படுத்துறது கொறையும். இப்ப இருக்குறதுலயே அதிக ஆதாரம் இதுக்குத்தான், 2020ல காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வுக் குழு 28 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல சிபிடி வாழ்க்கைல இரைச்சலோட பாதிப்பைக் கொறைக்கலாம்னு வந்துச்சு. இந்தச் சத்தத்தால என் வாழ்க்கை முடிஞ்சதுன்னு ஓடுற எண்ணத்தைப் புடிச்சு, அது உண்மைதானான்னு உக்காந்து பாக்கச் சொல்லித் தர்றது. மனநல டாக்டர்கிட்டயோ சைக்காலஜிஸ்ட்கிட்டயோ கிடைக்கும். மனநலம்னதும் வீட்ல முகம் சுளிப்பாங்க, கண்டுக்காதீங்க. மைசூருல இருக்குற அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் மாதிரி இடங்கள்ல காது சம்பந்தப்பட்ட ஆட்கள்கிட்டயே ஆலோசனை கிடைக்கும்.

நூறு சதவீதம் குணம்னு விளம்பரம் வருது. புது மெஷின் வந்திருக்காமே?

நூறு சதவீதம்னு சொன்னாலே விலகிடுங்க. பயத்துல இருக்குறவங்க எவ்வளவு கேட்டாலும் குடுப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும், அதை நெனச்சா எனக்கு ரொம்ப கோவம் வரும். ஆராய்ச்சி நடக்குது, நாக்குல லேசான மின்தூண்டலும் காதுல சத்தமும் சேத்துக் குடுக்குற லெனைர்ங்கிற கருவிக்கு 2023ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சிருக்கு, அதுவும் தொந்தரவைக் கொறைக்கத்தான், அழிக்க இல்ல. ஆரம்ப மாசங்கள்ல பெரிய பணம் எதுலயும் போடாதீங்க, தானா கொறையுற காலம் அது.

வீட்ல யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்குறாங்க.

வெளிய தெரியாத வலிங்க இது, காய்ச்சல்னா தொட்டுப் பாக்கலாம். உங்க சத்தம் மாதிரியே இருக்குற ஒண்ணை போன்ல தேடி எடுத்து, மனைவிகிட்டயோ அம்மாகிட்டயோ ஒரு நிமிஷம் கேக்க விடுங்க, இது ராப்பகலா ஓடுதுன்னு சொல்லுங்க. பல வீட்ல அந்த ஒரு நிமிஷத்துலயே பேச்சு மாறியிருக்கு. அப்புறம் என்ன வேணும்னு நேராக் கேளுங்க, ராத்திரி ஃபேனை நிறுத்தாதீங்க, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, தினமும் இப்ப எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. அந்தக் கடைசி ஒண்ணு முக்கியம், அன்பாக் கேக்குறாங்க, ஆனா மறந்திருந்த சத்தம் கேட்டதும் ஞாபகம் வந்துடும்.

சில ராத்திரி வாழவே வேண்டாம்னு தோணுது.

தனியா இருக்காதீங்க. இப்பவே பக்கத்துல இருக்குறவங்களை எழுப்பிச் சொல்லுங்க, இல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசு நடத்துற இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104ம் இருக்கு. மறுநாள் டாக்டர்கிட்ட இதை மறைக்காம சொல்லுங்க, இரைச்சலோட வர்ற மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, அது கொறைஞ்சதும் இதே சத்தத்தைத் தாங்க முடியுதுன்னு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். முதல் மாசங்கள்ல இருட்டா இருந்தவங்க பின்னாடி வேலைக்குப் போய், பாட்டு கேட்டு, பிள்ளைங்களோட சிரிச்சு வாழ்றதைப் பாத்துட்டுதான் இதை எழுதுறேன்.

பழகிட்டு வருதுன்னு எப்படித் தெரியும்? மறுபடி எப்ப டாக்டரைப் பாக்கணும்?

சத்தத்தோட அளவை வச்சுப் பாக்காதீங்க. எழுந்ததும் முதல் நெனப்பு அதுவா இருக்குறது கொறையும், படிக்கும்போதோ சமைக்கும்போதோ நடுவுல காணாம போகும், கூடின நாள்லயும் பழைய நடுக்கம் வராது. இது நேர்கோடா நடக்காது, ரெண்டு நல்ல வாரம், ஒரு கெட்ட வாரம்னு போகும், மாசத்தை மாசத்தோட ஒப்பிட்டாதான் தெரியும். பல பேருக்கு ஆறு மாசத்துலேர்ந்து ஒண்ணரை வருஷத்துக்குள்ள பெரிய மாற்றம் வருது.

மறுபடி டாக்டர்கிட்ட போக வேண்டியது கேக்குறது கொறைஞ்சா, சத்தம் ஒரு காதுக்கு ஒதுங்கினா, துடிப்போட கேக்க ஆரம்பிச்சா, தலைசுத்தல் புதுசா வந்தா. அப்படி எதுவும் இல்லைன்னா ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு ஒரு ஆடியோகிராம், முதல் பேப்பரையும் கையோட எடுத்துட்டுப் போங்க.